வெட்டினது அங்கேயே கிடக்காது

என்னங்க,

சாப்பாடு அடுப்படியில மூடி வச்சிருக்கேன். கடைக்குக் கிளம்பறப்ப சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட கொடுங்க. கம்ப்யூட்டரைத் தொட்டீங்க, அவ்வளவுதான்!

என் வேலை விண்ணப்பத்துல பன்னிரண்டு வருஷ நர்ஸ் அனுபவத்தை கட் பண்ணிட்டு, ஒட்டறதுக்கு முன்னாடியே உங்க தங்கச்சி விலாசத்தை காப்பி பண்ணியிருக்கீங்க. கேட்டா, "வெட்டினது அங்கேயேதானே கிடக்கும்?"னு என்னையே திருப்பிக் கேட்கறீங்க. அது என்ன உங்க தையல் மேஜையா, வெட்டின துணி அப்படியே கிடக்க? இன்னொண்ணை காப்பி பண்ணினா முன்னாடி வெட்டினது போயிடும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!

எல்லாத்தையும் திரும்ப டைப் அடிச்சு எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்.

பி.கு.: ஏன் அதுல கை வச்சீங்கன்னு கத்தினப்ப, "பன்னிரண்டு வருஷ அனுபவத்தைப் போய்க் கடைசியில போடுவாங்களா? முதல்ல வரணும்"னு முணுமுணுத்தீங்க.

இப்ப முதல்லதான் இருக்கு.