பனிப்புகாரில் விழுந்த விமானமும் உன் சம்மதப் பத்திரமும்

விசுவமடு,
1963 தை 29.

அன்பு மகன் தில்லைநாதனுக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் தங்கச்சி நேசமலரும் சுகம், நீயும் இரத்மலானையில் வேளைக்குச் சாப்பிட்டு நித்திரை கொண்டு சுகமாக இருக்க வேண்டும். நெல் வெட்டு நடக்கிறது, இம்முறை விளைச்சலுக்குக் குறையில்லை, சிவப்பிப் பசுவும் நாகு கன்று போட்டிருக்கிறது. அதெல்லாம் இருக்கட்டும், முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். விமானம் ஓட்டப் பழகுவதற்கு, உனக்கு இருபத்தொரு வயது ஆகாதபடியால் பெற்றவரின் கையெழுத்து வேண்டுமென்று கார்த்திகையில் ஒரு சம்மதப் பத்திரம் அனுப்பினாயே, அது வந்து சேரவில்லை என்று நான் எழுதியது பச்சைப் பொய். வந்த அன்றைக்கே அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். உன் ஐயாவும் கண்ணை மூடின பிறகு, இருக்கிற ஒரே ஆம்பிளைப் பிள்ளையை ஆகாயத்துக்கு அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? நீ விமானத்தின் இயந்திரம் திருத்துகிற வேலையோடு நின்றால் போதும் என்று இருந்துவிட்டேன்.

இப்போது கேள். போன செவ்வாய்க்கிழமை விடியப்புறம் வெட்டுக்காரரோடு வயலில் இறங்கியபோது சரியான பனிப்புகார், அடுத்த வரம்பில் நிற்பவரின் முகம் தெரியாது. அந்த நேரம் தலைக்கு மேலே ஒரு சின்ன விமானம் சுற்றிச் சுற்றி இரைந்தது, கண்ணில் மட்டும் படவில்லை. பாதை தவறிவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. காட்டில் தேன் எடுக்கப் போய் வழி தவறியவனுக்கு இங்கே என்ன செய்வோம்? ஈர வைக்கோலைக் கொளுத்துவோம், அவனும் புகையைப் பார்த்து வந்து சேர்ந்துவிடுவான். அதையே இவருக்கும் செய்வோம் என்று நினைத்தேன். பக்கத்துக் காணி ஏரம்பு அண்ணை வேண்டாம் பிள்ளை என்று தயங்கினார், நீங்கள் சும்மா நில்லுங்கோ என்று நானே நெருப்பை வைத்தேன். புகை மேலே போகாமல் பனியோடு சேர்ந்து வயலை அப்படியே மூடிவிட்டது. சற்று நேரத்தில் விமானம் வெட்டின வயலில் தட்டி, வரம்பில் இடித்து, மூக்குக் குத்தி நின்றது. ஓடிப்போய் ஆளை இழுத்தெடுத்தோம். தனியாக வந்தவர், பாலன் என்று பெயர், முப்பது வயது இராது. வலது கை முறிந்திருந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. நெல் ஏற்ற வந்த மஜீத் நானாவின் லொறியில் வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனபோது நானும் கூடப் போனேன்.

கைக்குக் கட்டுப் போட்ட பிறகுதான், புகை போட்டது நான்தான் தம்பி என்று சொல்லி அழுதுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. புகாருக்கு நடுவே தெரிந்த ஒரு துண்டு வயலில் இறங்கத்தான் வந்தாராம், அதையும் புகை மறைத்துவிட்டதாம். பிறகு சொன்னார்: "ஆனா அம்மா, முதல் பிழை என்ரை. ரெயில் பாதையைப் பார்த்துக்கொண்டு வந்தனான், வவுனியா தாண்டப் பாதை புகாருக்குள்ளை மறைஞ்சிட்டுது. அப்பவே திரும்பியிருக்க வேணும். திரும்பினால் பெடியள் சிரிப்பாங்கள் எண்டு வந்திட்டன்." எனக்குச் சுரீரென்றது. இத்தனை நாளும் ஆகாயத்துக்குப் பயந்தேன், ஒரு பெடியனின் வெட்கத்துக்கு அல்லவா பயந்திருக்க வேண்டும். இனியும் ஓட்டுவீங்களோ என்று கேட்டேன். கை பொருந்தட்டும், அடுத்த கிழமையே ஓட்டுவன் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் உன் முகம்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன், பிறகு பத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பவும் வவுனியாவுக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முன்னால் தெரியவில்லை என்றால் திரும்பு. யார் சிரித்தாலும் திரும்பு. சிரிக்கிறவனின் விலாசத்தை எனக்கு அனுப்பு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமைகளில் எண்ணெய் வைத்து முழுக மறக்காதே. ஐயாவின் ஆசியும் என் ஆசியும் நீ போகிற இடமெல்லாம் கூட வரும்.

பத்திரம் இதற்குள் இருக்கிறது, மாசி பத்தாம் திகதிக்குள் கொடுத்துவிடு. சாட்சிக் கையெழுத்து கோழி கிண்டினது போல இருக்கிறதே என்று கந்தோரில் கேட்டால், வலது கை முறிந்த ஒரு விமானி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து இடது கையால் வைத்தது என்று சொல்லு.

உன்னை நினைத்தபடி,
அம்மா
விமலேஸ்வரி