புலி ஏறாத கூரை

ஜனவரி 16

புலியின் முதுகில் மூன்று இடத்தில் தையல் விட்டிருக்கிறது. காதை எலி கடித்திருக்கிறது. போன வருஷம் பின்னங்கால் ஆடியவன் கூரையில் வழுக்கியதில் வயிற்றுப் பக்கமும் கிழிசல். ஊரில் தீ அண்டாமல் இருக்க ஆண்கள் இந்தத் தோலுக்குள் நுழைந்து கூரை கூரையாக ஏறி ஆடும் மார்ச் மாதக் குதிரை நாளுக்குள் எல்லாம் முடிய வேண்டும். புலித் தலை நாலு தலைமுறையாக எங்கள் கூடத்து மாடத்தில்தான் இருக்கிறது. அதனால் தோலைத் தைப்பது இந்த வீட்டு மருமகளின் வேலை. புலிக்குள் நுழைய மட்டும் பெண்ணுக்கு அனுமதி இல்லை.

விடியும் முன்பே பக்கத்து வீட்டு ஷிகே ஊதலை ஊதிக்கொண்டு டோஃபு விற்கக் கிளம்பிவிட்டாள். மஞ்சூரியாவுக்குப் போருக்குப் போன புருஷன் திரும்பவில்லை. மாமனார் படுத்த படுக்கை. ஆனாலும் தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டு போகிறாள். எதற்குத்தான் அந்தச் சிரிப்போ.

ஜனவரி 17

பலத்த காற்று. நாள் முழுக்கத் தையல். வாலுக்குப் புதுச் சணல் கட்டினேன்.

ஜனவரி 18

தீ.

காலை ஐந்து மணிக்கு. ஷிகேயின் வீடு, அதற்கு அப்பால் நான்கு வீடுகள், நெல் கொட்டகை. படுக்கையில் கிடந்த அவள் மாமனார், கிழவர் யோஹெய்யைத் தூக்கி வர முடியவில்லை. ஷிகே இரண்டு முறை உள்ளே ஓடினாள், மூன்றாவது முறை ஆண்கள் பிடித்துக்கொண்டார்கள். கை இரண்டும் வெந்துவிட்டன. அவள் வீட்டில் மிச்சம் மண்சுவர்க் களஞ்சியம் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் ஒரு ஓடுகூடக் கறுக்கவில்லை. காற்று அந்தப் பக்கம் அடித்தது. எல்லோரும் வந்து மாடத்துப் புலித் தலையைக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். புலிதான் காற்றைத் திருப்பி விட்டதாம்.

ஜனவரி 19

எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த நோட்டு தையல் பெட்டியின் அடியில் கிடக்கிறது, யாரும் எடுக்கப் போவதில்லை.

பதினேழாம் தேதி சாயங்காலம் வாலைக் கட்டிக்கொண்டிருந்தேன். கரியடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்து புலித் துணிக்குப் பக்கத்தில் விழுந்தது. பதறிவிட்டேன். புலித் தோலில் ஓட்டை விழுந்தால் என்னை உயிரோடு விடுவார்களா? அடுப்புச் சாம்பலை அப்படியே தகர வாளியில் வாரி, பின்பக்கம் வேலியோரம் வைத்துவிட்டு வந்து மறுபடி ஊசியை எடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஷிகே வைக்கோல் அடுக்கியிருந்தாள்.

தண்ணீர் தெளித்தேனா?

தெளிக்கல. தெளிக்கவே இல்ல.

ஜனவரி 20

கிழவருக்கு ஈமச் சடங்கு. ஊரே போனது, நானும் போனேன். மிசோ சூப் நான்தான் காய்ச்சினேன். உப்பு சரியாக இருந்தது என்றார்கள்.

ஜனவரி 21

ஷிகே இன்று வாசல் வாசலாக வந்தாள். தீ எந்த வீட்டில் தொடங்கியதோ அந்த வீட்டுக்காரி வெறுங்காலோடு, வைக்கோல் பாயைப் போர்த்திக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் நெற்றி தரையில் படக் குனிய வேண்டும். விடிகாலையில் அடுப்பு மூட்டுகிறவள் அவள் ஒருத்திதான். அப்புறம் விசாரிக்க என்ன இருக்கிறது?

எங்கள் வாசலிலும் பனியில் மண்டியிட்டாள். கைக்கட்டு நனைந்துபோயிருந்தது.

"அடுப்பு வாயை மூடிட்டுதான், கீவாக்கா, நான் கிணத்துக்குப் போனேன். சத்தியமா மூடினேன். ஆனாலும் மன்னிச்சிடுங்க. உங்களையெல்லாம் பயமுறுத்திட்டேன்."

முறைப்படி என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன். "இனிமே ஜாக்கிரதையா இரு."

அந்த நாலு சொற்கள் என் வாயிலிருந்துதான் வந்தன — இல்லை, மூன்று சொற்கள். எண்ணிப் பார்த்தேன். இப்படி உட்கார்ந்து எண்ணுகிறவள் என்ன பிறவி?

ஜனவரி 30

வயிற்றுக் கிழிசல் முடிந்தது.

பிப்ரவரி 8

ஷிகே களஞ்சியத்திலேயே குடியிருக்கிறாள். அங்கேயே அடுப்பு போட்டு டோஃபு செய்கிறாள். யாரும் வாங்குவதில்லை. ஊதல் சத்தம் கேட்டதும் கதவுகள் சாத்தப்படுகின்றன. என் கதவைத்தான் முதலில் சாத்துகிறேன். திறந்து வைத்தால் வாளியோடு உள்ளே வந்து நிற்பாளோ என்று பயம். எந்த வாளி? வாளியைத் தேடிப் போனேன், காணவில்லை. எரிந்து உருகியிருக்கும்.

தகரம் உருகுமா?

பிப்ரவரி 19

இன்று ஷிகேயே வந்தாள். கொல்லைப்புறமாக, பிச்சைக்காரி மாதிரி.

"குதிரை நாளன்னிக்கு புலி என் களஞ்சியத்துக் கூரை மேல ஒரே ஒரு தடவை கால் வெச்சாப் போதும்க்கா. புலி மிதிச்ச வீடுன்னா ஜனங்க மறுபடி வாங்குவாங்க. இல்லாட்டி இந்த ஊர்ல எனக்குப் பொழப்பு கிடையாது. தலையைப் பிடிச்சு ஆடுறது உங்க வீட்டுக்காரர்தானே. நீங்க சொன்னா கேப்பாரு."

"பாக்கலாம்" என்றேன்.

கட்டு அவிழ்த்திருந்தாள். விரல்கள் சிவப்பாக, தோல் உரித்த தக்காளி போல. அந்தக் கையால் எனக்கு ஒரு டோஃபுக் கட்டி கொண்டுவந்திருந்தாள். அவள் போனதும் கோழிக்குப் போட்டேன். கோழி தின்றது.

பிப்ரவரி 20

கேட்டுவிட்டேன். மதியம் வீட்டுக்காரருக்குச் சோறு வைக்கும்போது.

"பாவம்ங்க. அவ கூரையிலயும் ஒரு தடவை ஏறிடுங்களேன்."

கன்ஜிரோ ஊறுகாயைக் கடித்துக்கொண்டே சொன்னார். "நம்ம வாளி அவ வேலியோரமா கெடந்துச்சு. தீ அணைச்ச அன்னிக்கே நான்தான் எடுத்து ஆத்துல போட்டேன்."

சோற்றுக் கரண்டியைப் பானையில் வைத்தேன்.

"நேத்து ஊர்க் கூட்டத்துல புலி அங்க ஏறக் கூடாதுன்னு மொதல்ல சொன்னது நான்தான். ஊர்த்தலைவர் ஓனுமா பெரியவரே யோசிச்சாரு. ஏறினா அவ மேல தப்பில்லன்னு ஆயிடும்டீ. அப்புறம் யாரு மேலன்னு தேடுவாங்க. புலித் தலை இருக்குற வீட்டுலேருந்து ஊருக்குத் தீ வந்துச்சுன்னா, தலை இங்க இருக்குமா? நான்தான் இருப்பேனா?"

அதற்குப் பிறகு, "இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார். போட்டேன்.

ஒரு மாதமாக இந்த மனுஷனுக்குப் பக்கத்தில் படுத்துப் பயந்துகொண்டிருந்தேன். தெரிந்தே இருந்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. பாரம் பாதியாகிவிட்டது. வெட்கமாக இல்லையா கீவா? இருக்கிறது. பாதிதான்.

மார்ச் 2

ஷிகே வழியில் நிறுத்தினாள். "சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன். யோசிக்கிறாங்க."

எதற்கு அப்படிச் சொன்னேன்? முடியாது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே ஊரைவிட்டுப் போயிருப்பாள். களஞ்சிய வாசலைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவுகிறாள், புலி வழுக்கிவிடக் கூடாதாம். அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பார்த்துக்கொண்டும் நிற்கிறேன்.

மார்ச் 14

குதிரை நாள்.

நல்ல காற்று. தோல் பிரமாதமாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். எங்கள் கூரையில்தான் புலி அதிக நேரம் ஆடியது. உச்சியில் முன்னங்காலைத் தூக்கிக் காற்றை மோந்தபோது கீழே பெண்கள் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது, அது நிஜம்.

பிறகு ஷிகேயின் களஞ்சியம். ஏணியை அவளே சாத்தி வைத்திருந்தாள். வாசலில் புலிக்கு ஒரு கிண்ணம் சாக்கே மது, ஒரு கிண்ணம் தண்ணீர். தலை சீவி, யாரிடமோ இரவல் வாங்கிய கிமோனோ உடுத்தி நின்றாள். சிரித்தாள். பழைய சிரிப்பு.

முரசு நின்றது. புல்லாங்குழல் நின்றது. புலி முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தது. உள்ளே இருந்தது என் புருஷன்.

அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் ஓடி வந்து வாலைப் பிடித்து ஒரு கொத்துச் சணலைப் பிய்த்துக்கொண்டாள். கூரை இடுக்கில் புலி மயிரைச் செருகினால் தீ அண்டாது என்று எல்லா வீட்டிலும் செருகுவதுதான். அவரவர் வாசலுக்குப் புலியே வந்து கொடுக்க வேண்டும். பிய்த்தெடுத்தது கிடையாது.

"திருடி!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"பக்கத்துல இருக்கே இல்ல, வாங்கும்மா அதை" என்றார் ஓனுமா பெரியவர். என்னைத்தான்.

வாங்கினேன். அவள் கையை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். நாலாவது விரலில் புதுத் தோல் கிழிந்து என் கையில் ஒட்டியது. அவள் கத்தவில்லை. என் முகத்தையே பார்த்தாள். அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம், ஊர் மொத்தமும் அங்கேதான் நின்றது. ஒரே வாக்கியம்.

"குடுத்துடு ஷிகே, எல்லாரும் பாக்குறாங்க." இதுதான் நான் சொன்னது.

கொடுத்துவிட்டாள். தலையும் குனிந்தாள். "தப்புதான்க்கா. எவ்வளவு யோசிச்சாலும் அடுப்பு வாயை மூடினது ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது. மூடலை போல."

மார்ச் 17

ஷிகே போய்விட்டாள். ஷியோகாமாவில் அவளுடைய அண்ணன் வீடு. தடுக்கவும் யாரும் இல்லை, வழியனுப்பவும் யாரும் இல்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மே 6

மழை.

அக்டோபர் 11

களஞ்சியத்தை இடித்துவிட்டார்கள். இனி அந்தப் பக்கம் முள்ளங்கி போடலாம் என்கிறார் கன்ஜிரோ. மண் நல்ல கறுப்பாக இருக்கிறதாம்.

ஜனவரி 18

ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஷியோகாமாவிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. வெளிப்பனியில் உறையவைத்து உலர்த்திய டோஃபு, வைக்கோல் கயிற்றில் கோத்து. கூடவே ஒரு கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, விரல்கள் மடங்குவதில்லை போலிருக்கிறது.

"கீவா அக்கா, இப்போது எல்லாம் நன்றாக நினைவுக்கு வந்துவிட்டது. அன்று அடுப்பு வாயை நான் மூடவில்லை. ஒரு கொள்ளி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிணற்றுக்குப் போனேன். அந்தக் கொள்ளி தினமும் கண்ணில் தெரிகிறது. மாமனாரை நான்தான் கொன்றேன். ஊரில் என்னிடம் கடைசிவரை பேசியது நீங்கள் ஒருத்திதான். அதனால் வருஷா வருஷம் இந்தத் தேதியில் உங்களுக்கு எழுதி மன்னிப்புக் கேட்பேன்."

கன்ஜிரோ இரண்டு முறை படித்தார். "பாத்தியா, அவளே ஒத்துக்கிட்டா" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒருவேளை அப்படித்தான் நடந்ததோ என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. கொள்ளி கூடக் கண்ணுக்குத் தெரிந்தது.

சாயங்காலம் அந்த டோஃபுவை ஊறவைத்து மிசோவில் கொதிக்கவிட்டேன். இந்தத் தடவை கோழிக்குப் போடவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

பிறகு புலியை எடுத்து விரித்தேன். வாலில் ஒரு கொத்துக் குறைகிறது. தையல் பெட்டியில்தான் வைத்திருந்தேன், எடுத்து அதே இடத்தில் தைத்துவிட்டேன். எங்கே பிய்ந்தது என்று இனி யாருக்கும் தெரியாது.