எவரும் பதற்றப்பட வேண்டாம்

02.09.2025, செவ்வாய்

கூட்டுறவுச் சங்கத்தின் கணினி மாற்றத்துக்கு இனித் தொடர்பாடல் பொறுப்பாளர் நான்தான் என்று முகாமையாளர் முத்துலிங்கம் ஐயா கூட்டத்தில் அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், எனக்கே.

பரந்தன், மல்லாவி, புளியங்குளம் கிளைகளின் கணக்கெல்லாம் கிளிநொச்சித் தலைமை அலுவலகத்தின் பின்னறையில் ஒரு பழைய இயந்திரத்துக்குள் கிடக்கிறது. கரண்ட் போனால் அதுவும் போகும். இனிக் கிளவுட். எங்கோ இருக்கும் பெரிய கணினிகளில் இடம் வாடகைக்கு எடுத்து, இணையத்தில் பார்ப்போம். 20, 21ஆம் திகதிகளில் மாற்றம். அந்த இரண்டு நாளும் நகையை அடைவு வைத்துக் காசு எடுக்கவோ மீட்கவோ முடியாது. இதை யாருக்கு, எப்போது, யார் வாயால் சொல்வது என்பதுதான் என் வேலை.

மல்லாவி வீட்டுக்கு வந்து சேர இருட்டிவிட்டது. அம்மா "சாப்பிடு" என்றார். சாப்பிட்டேன். தம்பி அனோஜன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போன பிறகு இந்த வீட்டில் கதை அவ்வளவுதான்.

05.09, வெள்ளி

மாற்றத்தைச் செய்யும் கொழும்புக் கம்பனி, யார் யாருக்குச் சொல்வது என்று அனுப்பிய அட்டவணையை நிரப்பினேன். பணியாளர்கள், பணிப்பாளர் சபை, அங்கத்தவர்கள், கூட்டுறவுத் திணைக்களம். ஒருவரையும் விடவில்லை. இப்படி ஒழுங்காக ஒரு வேலை செய்து கனகாலம். சந்தோசமா? தெரியவில்லை.

10.09, புதன்

அறிவித்தல் முடிந்தது. கொழும்பு தந்த ஆங்கிலத்தை அப்படியே தமிழில் இறக்கினேன். "கிளைகள் இரு நாட்கள் தற்காலிகமாக மூடப்படும். உங்கள் விபரங்கள் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப்படும். எவரும் பதற்றப்பட வேண்டாம்."

ஐயா வாசித்துவிட்டு, "நல்லாயிருக்கு பிள்ளை. ஓட்டோவில ஸ்பீக்கர் கட்டி விடுவம்" என்றார்.

15.09, திங்கள்

மல்லாவிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கும்போது என் வசனங்கள் ஓட்டோவில் போய்க்கொண்டிருந்தன. யாரோ எழுதியது போலக் கேட்டேன்.

அம்மா குசினிக்குள் நின்று கேட்டார்.

"ரெண்டு நாள் பூட்டோ?"

"ஓம்."

"எல்லாத்தையும் எங்க கொண்டு போறாங்கள்?"

"கிளவுட்டுக்கு."

"அது எங்க கிடக்கு?"

"சிங்கப்பூரில எங்கையோ. தெரியாதம்மா."

படுத்துவிட்டேன்.

16.09, செவ்வாய்

பஸ் மாங்குளம் தாண்டவில்லை, மல்லாவிக் கிளைக் காசாளர் சதீஸ் போனில் அழைத்தான். "அக்கா, சனம் றோட்டு வரைக்கும் நிக்குது. எல்லாரும் நகை மீக்க வந்திருக்கினம்."

இறங்கித் திரும்பிப் போனேன். சங்கத்துக்கு இதில் நட்டமில்லை, காசுதான் வருகிறது. ஆனால் அந்தக் காசு எங்கிருந்து? விதைநெல்லுக்கு வைத்திருந்தது. வட்டிக்கு எடுத்தது. வரிசையில் நின்ற வடிவம்மாக்கா நகையை மீட்கக் கறக்கிற மாட்டையே விலை பேசிவிட்டார். வாங்குகிறவன் வெள்ளிக்கிழமை வருகிறானாம். அந்தப் பாலில்தான் அவருடைய வீடு ஓடுகிறது.

"ஏனக்கா? பதற்றப்பட வேண்டாமெண்டுதானே சொன்னது?" என்று அவரைக் கேட்டேன்.

"அப்பிடிச் சொன்ன நாளெல்லாம்தான் பிள்ளை நாங்கள் ஓடினது. பாதுகாப்பான இடமெண்டு சொல்லிச் சொல்லித்தானே ஓடினது." பிறகு குரலைத் தணித்தார். "உன்ர கொம்மாவும் விடிய வந்து எடுத்துக்கொண்டு போட்டா. உள்ளுக்க வேலை செய்யிற பிள்ளையின்ர தாய்க்குத் தெரியாததே?"

நானும் இதே ஊரில் பிறந்தவள்தான். 2009 யுத்தத்தில் எனக்குப் பத்து வயது. நானும்தான் ஓடினேன். எப்படி மறந்தது?

17.09, புதன்

நேற்று எழுதாததை எழுதுகிறேன்.

அம்மா மீட்டது அனோஜனின் சங்கிலி. அவனுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் செலவுக்கு அடைவு வைத்தது. ஆண்டுத் திவசத்துக்குச் சேர்த்த காசைக் கொடுத்து மீட்டிருக்கிறார். மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கொழுக்கியடியில் அவன் பல் பட்ட இடம். யோசிக்கும்போது கடிப்பான்.

கத்திவிட்டேன். "என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! உங்களைப் பாத்துத்தானே அவ்வளவு சனமும் வந்தது!"

"கேட்டனான். சிங்கப்பூர் எண்டாய்."

அம்மா சங்கிலியைப் பார்த்தபடி தொடர்ந்தார். "ஓடின அந்த முறை என்ர காப்பை அடைவு வச்சிட்டு வெளிக்கிட்டனான். கடைசியில அடைவுத் துண்டு மட்டும்தான் கையில. துண்டை வச்சு என்ன செய்யிற?"

என் அட்டவணையில் எல்லோரும் இருந்தார்கள். அம்மா இல்லை.

அதன்பிறகு முழுவதும் சொன்னேன். போவது கணக்கு மட்டும். நகை மல்லாவிக் கிளைப் பெட்டகத்தை விட்டு ஓர் அங்குலமும் அசையாது. அம்மா கவனமாகக் கேட்டார்.

"நகை அங்கதானெண்டா ஏன் கதவைப் பூட்டுறியள்?"

இதைக் கொழும்பிலும் யாரும் கேட்கவில்லை.

18.09, வியாழன்

சூம் கூட்டம். அந்த இரண்டு நாளும் கிளைகளைத் திறந்து வைப்போம் என்றேன். கணினி இல்லாமல் கிளையைத் திறந்து என்ன செய்வீர்கள் என்று கம்பனிக்காரர் சிரித்தார். "சனம் வந்து பாக்கிறதுக்கு" என்றேன். ஐயா என்னைப் பார்த்தார். அவரும் முல்லைத்தீவிலிருந்து ஓடியவர். "திறவுங்கோ" என்றார்.

பின்னேரம் ஓட்டோ மறுபடியும் போனது. இந்த முறை சதீஸின் குரல்: "சனி, ஞாயிறு கணினி மட்டும்தான் வேலை செய்யாது. கிளை திறந்திருக்கும். நகை இஞ்சதான் கிடக்கு. வந்து பாருங்கோ."

19.09, வெள்ளி

மாட்டுக்காரனைத் திங்கள் வரச்சொல்லித் திருப்பி அனுப்பினாராம் வடிவம்மாக்கா. பார்த்த பிறகுதான் முடிவாம்.

20.09, சனி

கிளை வாசலில் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தோம். சனம் வந்து பெட்டகத்தைப் பார்த்தது. செத்தவீடு மாதிரி இருந்துவிட்டுப் போனது. அம்மா வரவில்லை.

21.09, ஞாயிறு

அதே கதிரைகள். அம்மா இன்றும் வரவில்லை.

22.09, திங்கள்

புதிய கணினி ஒன்பது மணிக்கு வேலை செய்யத் தொடங்கியது. வாசல் நிறையச் சனம். ஒருவரும் கவுண்டருக்குப் போகவில்லை. யார் முதலில் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். வடிவம்மாக்காவும் நின்றார்.

அப்போது அம்மா வந்தார், கோயிலுக்குக் கட்டுகிற சேலையில். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே போய்ச் சங்கிலியைக் கவுண்டரில் வைத்தார்.

"எவ்வளவு வேணுமம்மா?" என்றான் சதீஸ்.

"திவசத்துக்குக் காணக்கூடியது தா தம்பி."

துண்டு அச்சாகி வந்தது. அம்மா அதை எல்லோருக்கும் தெரிய விரித்து, ஆறுதலாக வாசித்து, மடித்து எடுத்துக்கொண்டு போனார். வடிவம்மாக்கா குடையை விரித்தார். "மாடு நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவரும் போனார்.



23.09, செவ்வாய்

சாப்பிடும்போது சொன்னேன். "சம்பளம் வந்தோடன சங்கிலியை மீட்டுத் தாறன்."

"அவசரமில்லை. அங்கையே கிடக்கட்டும்" என்றார் அம்மா. "நீ அங்கதானே நிக்கிறாய்."

சோற்றுக்கு முன்னால் இருந்து அழுதேன். அனோஜனுக்காக அழுவது இதுதான் முதல் தடவை. அம்மா எழுந்து போகவில்லை. இன்னும் கொஞ்சம் கறி போட்டார்.