கரண்ட் போனபோது வெளியே வந்த கெளுத்தி

நவம்பர், செவ்வாய் இரவு.

என் கணவர் இருந்தபோது கடைசியாக வாங்கிக் கூடத்துத் தொட்டியில் விட்ட பேன்ஜோ கெளுத்தி மீன் பல நாட்களாகக் கண்ணில் படவில்லை. பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடக்கும்; விளக்கணைத்து நான் தூங்கிய பிறகே வெளியே வரும். ஆனாலும் கிளறிப் பார்க்கத் துணிவில்லை. செத்திருந்தால் தொட்டியைத் தருவதாக எதிர்வீட்டு ஸ்டெல்லாவிடம் சொல்லியிருந்தேன். சாயங்காலம் தொட்டித் தண்ணீரை இறைக்க வாளியோடு வந்து நின்றாள்.

“இன்னா டீச்சரம்மா, வெறும் மண்ணுக்குப் புழு போட்டுகினு கீறீங்க? மீனு எப்பவோ பூடுச்சு.”

நான் பதில் சொல்வதற்குள் கரண்ட் போனது. மெழுகுவர்த்தியோடு வந்தபோது மணல் அசைந்தது. காய்ந்த இலை போன்ற தட்டைத் தலை வெளியே வந்து புழுவைக் கவ்வியது.

“அய்யோ, உசுரோடதான் கீது!”

“வாளிய மறந்துட்டுப் போயிடாதே, ஸ்டெல்லா,” என்றேன்.

கரண்ட் வந்து வெகுநேரமாகிறது. கூடத்து விளக்கைப் போடாமல், சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.