தெங்கிலிங் மிதிக்காத பள்ளிக்கூடம்

12.3.1991, செவ்வாய்

“பள்ளிக்கூடத்த மட்டும் அது ஏன் சார் மிதிக்கல?”

இருபது வருடத்துக்கு முன் வள்ளியம்மா கேட்ட கேள்வி. இன்று காலை தொலைபேசியில் அவள் குரல் வந்ததும் முதலில் இதுதான் நினைவுக்கு வந்தது. பெயர் அப்புறம்தான் வந்தது.

எழுபத்தொன்று ஜனவரி வெள்ளம். பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்துக்குப் பின்னால் இருந்த வீடுகளில் கூரை மட்டும் தெரிந்தது. சனங்கள் எங்கள் பள்ளியின் மாடியில் வந்து தங்கினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பிள்ளை அழ ஆரம்பிக்க, மற்றவையும் சேர்ந்துகொண்டன. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கதை. தெங்கிலிங் கதையைச் சொன்னேன்.

அறுபத்தைந்தில் நானும் சீதாவும் கிள்ளானில் பார்த்த ஜப்பான் படம். பதினான்கு மாடி உயரத்தில் ஒரு மிருகம், உடம்பெல்லாம் செதில், நீண்ட மூக்கு. அதன் ஜப்பான் பெயர் என் நாக்கில் நிற்கவில்லை. பார்க்க எறும்புத்தின்னி மாதிரி இருந்ததால் நம் ஊர் மலாய்ப் பெயரையே வைத்தேன்: தெங்கிலிங். அது ஸ்டேஷனை மிதித்தது, பாலத்தை உடைத்தது. கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து, தலையைத் தாழ்த்தி, ஜன்னல் வழியாகப் பிள்ளைகளைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு திரும்பிக் கடலுக்குள் நடந்து போய்விட்டது.

அப்போதுதான் பத்து வயது வள்ளியம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். “அதுவும் ஒரு காலத்துல குட்டியா இருந்திருக்கும் இல்லையா?” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தலைக்குப் புத்தகப்பையை வைத்துத் தூங்கிப்போனாள். அவர்கள் வீடு அந்த வெள்ளத்தோடு போனது. பள்ளிக்கூடம் நின்றது.

இப்போது கிள்ளான் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். ஏப்ரல் ஏழாம் தேதி அவர்கள் வகுப்புக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு பள்ளி மண்டபத்தில் கூடுகிறார்களாம். ஜப்பான் தொழிற்சாலையில் பயிற்சிக்குப் போயிருக்கும் ராதாகிருஷ்ணன் அடையாளம் சொல்லி அந்தப் படத்தின் வீடியோ டேப்பைத் தேடிப் பிடித்துவிட்டானாம். எனக்கு அனுப்புகிறானாம்.

“அந்த சீன என் மக பாக்கணும் சார். அவளுக்கு எதுக்கும் பயம். ஊசின்னா பயம், இடின்னா பயம். தெங்கிலிங் கதைய சொல்லித்தான் வளக்குறேன். நீங்கதான் போட்டுக் காட்டணும்.”

கட்டாயம் காட்டுகிறேன் என்றேன். யோசிக்கவே இல்லை.

19.3.1991, செவ்வாய்

கார்த்திகேசுவோடு தேநீர். தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர், இன்னும் யாரையாவது கண்டித்தால்தான் அவருக்குத் தேநீர் இறங்கும்.

“ஐம்பத்தேழு வயசாச்சு. ரப்பர் பொம்மை சண்டைக்கு இன்னும் ரசிகரா? ஊர்ல நடிகருக்குப் பஞ்சமா லா?”

எனக்கு இதில் வெட்கம் கிடையாது. எதிலே வேண்டுமானாலும் பாடம் இருக்கிறது. பிள்ளை எதைக் கண் கொட்டாமல் பார்க்கிறதோ அதில் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. தெங்கிலிங் ஒரு எட்டு வைத்தால் நாற்பது அடி, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் இருபது மைல், எத்தனை எட்டு? இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. நீள்வகுத்தலுக்கு அழுத பிள்ளைகள் இதற்குக் கை தூக்கினார்கள். உயரம் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்கு, அப்படி ஒரு மிருகம் நின்றால் சொந்தக் காலே முறியும் என்பதையும் அதை வைத்துத்தான் விளக்கினேன்.

உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான் என்பது முதல் படத்திலேயே எனக்குத் தெரியும். முழங்கால் மடிகிற இடத்தில் தெரிந்துவிடும். அதனால் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. அந்தக் கனத்தைச் சுமந்து, விளக்கு வெக்கையில் வெந்து, ஒரு ஊரையே நடுங்க வைக்கிறான். போர்த்தியிருப்பது ரப்பர். என் அப்பா ரவாங் தோட்டத்தில் மரம் சீவி எடுத்த பால்கூட அதில் கலந்திருக்கலாம், யார் கண்டது?

கார்த்திகேசுவிடம் இதையெல்லாம் சொன்னேன். “முறுக்கு சாப்பிடுங்க, சார்,” என்றார்.

23.3.1991, சனி

டேப் வந்துவிட்டது. நம் வீட்டு வீடியோவில் போட்டால் படம் கீழிருந்து மேலாக ஓடுகிறது. ஜப்பான் டேப் வேறு முறையாம். எல்லா டேப்பும் ஓடும் ஒரு பெட்டியை வீடியோ கடைக்காரர் நாளை இரவல் தருகிறார்.

24.3.1991, ஞாயிறு

மிதிக்கிறது. பள்ளிக்கூடத்தை மிதிக்கிறது.

25.3.1991, திங்கள்

மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

தலையைத் தாழ்த்துவது உண்டு. ஜன்னல் உண்டு. பிள்ளைகள் உண்டு, முன்வரிசையில் எனக்கு ஞாபகமிருந்த இரட்டைச் சடைக்காரி உட்பட. வெகுநேரம் பார்ப்பதும் உண்டு. அதுவரை நான் சொன்னது ஒன்றும் தவறில்லை. அப்புறம் தலையை நிமிர்த்துகிறது. கால் இறங்குகிறது. கூரை, சுவர், எல்லாம் தூள். அதற்குப் பிறகுதான் ஸ்டேஷன், பிறகு பாலம், பிறகு கடல். பிள்ளைகள் தப்பித்தார்களா என்று படத்தில் காட்டவே இல்லை.

அப்போ நான் பார்த்தது என்ன? இருபத்தாறு வருஷமா எதைச் சொல்லிக்கிட்டு இருக்கேன்? எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளைங்க — ஆசைப்பட்டதையே பார்த்ததா நினைச்சுக்கிட்டேனா? முப்பது வருஷம் சாக்கட்டி பிடிச்சவன் பிள்ளைங்ககிட்ட பொய் சொல்லியிருக்கேனா?

சாட்சி ஒருத்திதான். சமையலறையில் போய்க் கேட்டேன்.

“சீதா, அன்னைக்கு அது பள்ளிக்கூடத்த மிதிச்சுதா?”

“நான் எங்க பாத்தேன்? கல்யாணமாகி ஒரு வாரம். எங்கயாவது கூட்டிட்டுப் போவீங்கன்னு புடவையெல்லாம் கட்டிட்டு வந்தா, பிசாசு படத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்க. முதல் மணியிலேர்ந்து கடைசி வரைக்கும் நான் கண்ணையே தொறக்கல.”

27.3.1991, புதன்

சீதா துணி மடித்துக்கொண்டிருந்தவள் தானாகவே சொன்னாள்:

“கண்ணத்தான் மூடியிருந்தேன், காத மூடல. நடுவுல படம் நின்னு போச்சு. எல்லாரும் விசிலடிச்சாங்க. வெளிய ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்னுச்சு. யாரோ படில தடதடன்னு ஓடினாங்க. அப்புறம்தான் மறுபடி ஓடுச்சு. அப்பாடா முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன், அதான் ஞாபகம் இருக்கு.”

படம் நின்றது எனக்கு மறந்தே போயிருந்தது. விரும்பிப் பார்த்தவனுக்கு நின்றது நினைவில் இல்லை. வெறுத்து உட்கார்ந்திருந்தவளுக்கு இருக்கிறது.

அப்போதெல்லாம் ஒரே படப்பெட்டி இரண்டு தியேட்டருக்கு ஓடும். போர்ட் சுவெட்டன்ஹாமில் ஒரு சுருள் முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் கிள்ளானுக்கு வரும். ஐந்து தகர டப்பா, ஐந்து சுருள்.

கார்த்திகேசு கிள்ளான்காரர். விஷயத்தைச் சொன்னேன். கேலிக்குத் தயாராகத்தான் இருந்தேன். அவர் சிரிக்கவில்லை. “அந்தத் தியேட்டர் ஆப்பரேட்டர் பக்கிரிசாமி இன்னும் இருக்காரு. மகன் வீடு. விலாசம் எழுதிக்கிங்க,” என்றார்.

30.3.1991, சனி

கிள்ளான் பஸ். ஆற்றைத் தாண்டி இறங்கி, இரண்டு இடத்தில் விசாரித்தேன்.

பக்கிரிசாமிக்கு எழுபது இருக்கும். வாசலில் ஒரு மேசை மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். படத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். செதில், மூக்கு என்றதும் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

“பள்ளிக்கூடமா?”

“ஆமாங்க.”

“நீங்க எந்த நாள் வந்தீங்க?”

“முதல் நாள். ஆறரை ஷோ.”

“அப்ப நெசமான தப்பு உங்களுக்குத்தான் விழுந்திருக்கு,” என்று சிரித்தார்.

அவர் சொன்னது இதுதான். சுருள் கொண்டுவரும் நாகையா ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார். அரங்கில் விசில். தாமதத்தில் மூன்றாவது, நான்காவது இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்த அவசரத்தில் டப்பாக்கள் கீழே விழுந்து திறந்துகொள்ள, மூடியை மாற்றிப் போட்டுவிட்டார். மூன்று என்று மூடியில் எழுதியிருந்ததை ஏற்றினால், உள்ளே இருந்தது நான்காவது சுருள். கால் இறங்குவதும் கட்டடம் தூளாவதும்தான் அதன் ஆரம்பம். எந்தக் கட்டடம் என்று பார்த்தவனுக்குத் தெரியாது. வசனம் ஜப்பான் மொழி, கீழே ஓடியது சீன எழுத்து. பிறகு ஸ்டேஷன், பாலம். அதற்கப்புறம்தான் உண்மையான மூன்றாவது சுருள்: விஞ்ஞானிகள் மேசையைச் சுற்றிப் பேசுவார்கள், கடைசியில் பள்ளிக்கூடம், ஜன்னல், பிள்ளைகள். அது முடிந்து ஐந்தாவதை ஏற்றினால் முதல் காட்சியே அந்த மிருகத்தின் முதுகு. கடலைப் பார்த்து நடக்கிறது.

“தப்புன்னு தெரிஞ்சப்பறமும் ஏன் மூணாவத ஓட்டினீங்க?”

“காசு குடுத்து வந்தவனுக்கு முழுப் படம் காட்ட வேணாமா?”

“மறுநாள் சரியா ஓட்டியிருப்பீங்க.”

மின்விசிறியின் இறக்கையைத் துணியால் துடைத்தார்.

“இல்ல சார். முதல் நாள் ஷோ விட்டதும் மேலேர்ந்து பாத்தேன். பூதப் படம்னா பையனுங்க ஒருத்தன ஒருத்தன் இடிச்சுக்கிட்டு, கத்திக்கிட்டுத்தான் போவானுங்க. அன்னைக்கு ஒரு சத்தம் இல்ல. பிள்ளைங்கள இடுப்புல தூக்கிட்டு மெதுவா போனாங்க. மறுநாள் நாகையா டப்பாவ ஒழுங்காதான் குடுத்தாரு. நாலாவது வர்ற வரைக்கும் நிறுத்திவெச்சு, நான் மாத்தி ஓட்டினேன். ஓடின அஞ்சு நாளும் அப்படித்தான் ஓட்டினேன்.”

“முதலாளிக்குத் தெரியாதா?”

“அவரு கண்ணு டிக்கெட் கவுன்டர்ல. படத்த அவரு எங்க பாத்தாரு?”

நான் பொய் சொல்லவில்லை. என் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஏழாம் தேதி வர முடியுமா என்று கேட்டேன். “வீடியோவ எப்படித் திருப்புறதுன்னு மட்டும் காட்டிக் குடுங்க,” என்றார்.

1.4.1991, திங்கள்

மண்டபத்தில் வைத்து அவளைத் திகைக்க வைப்பது சரியில்லை. வள்ளியம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் மிதித்ததைச் சொன்னேன், அப்புறம் சுருள் மாறியதை.

“அப்ப... அது தப்பா ஓட்டின படமா சார்?”

“முதல் நாள் தப்பு. மத்த நாள் வேணும்னே.”

“ஆனா படம் அது இல்ல.”

“இல்ல.”

“என் மகளுக்கு நான் என்ன சார் சொல்றது?”

ரெண்டையும் காட்டுவோம் என்றேன். வார்டில் கூப்பிடுகிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

5.4.1991, வெள்ளி

கூப்பிடவில்லை.

கார்த்திகேசு யோசனை சொன்னார்: “மாத்தின படத்த மட்டும் போடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?” எனக்குத் தெரியும். கணக்கின் விடை சரியாக இருந்தாலும் வழி காட்டாத பிள்ளைக்கு நான் பாதி மதிப்பெண்தான் போட்டிருக்கிறேன்.

7.4.1991, ஞாயிறு

வந்தாள். கடைசியாக வந்தாள். ஆறு வயது மகள் கையைப் பிடித்துக்கொண்டு. முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

முப்பது பேர், அவர்கள் பிள்ளைகள், கார்த்திகேசு, சீதா. வீடியோ பெட்டிக்குப் பக்கத்தில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பக்கிரிசாமி. நான் எழுந்து, ரயில்வே கேட்டிலிருந்து ஆரம்பித்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஐந்து பிள்ளைகளை எண் எழுதிய அட்டைகளோடு நிற்க வைத்து, மூன்றையும் நான்கையும் இடம் மாற்றிக் காட்டினேன். பெரியவர்கள் சிரித்தார்கள். வள்ளியம்மா சிரிக்கவில்லை.

முதலில் ஜப்பான்காரர்கள் எடுத்தபடி. கால் இறங்கியது. வள்ளியம்மாவின் சின்னது அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி என்னைக் கேட்டது.

“அந்தப் பிள்ளைங்க எங்க தாத்தா?”

“படத்துல காட்டல, கண்ணு.”

“ஏன்?”

“எனக்குத் தெரியாது.”

தெரியாது என்று பிள்ளையிடம் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை. இன்று இருந்தது.

படம் முடிந்தது. அடுத்து கிள்ளான் வரிசை. பக்கிரிசாமி பெட்டியில் ஓடும் எண்களை ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார். நிறுத்தினார், ஓட்டினார், திருப்பினார். இடையிடையே திரை கறுத்தபோது யாரோ பழக்கத்தில் ஒரு விசில் அடித்தார்கள். நொறுங்கல் முடிந்தது, ஸ்டேஷன் போனது, பாலம் போனது. விஞ்ஞானிகள் பேசினார்கள். பிறகு பள்ளிக்கூடம் முழுசாக நின்றது. தலை தாழ்ந்தது. சின்னது மறுபடி மடிக்குள் போகப் பார்த்தது. வள்ளியம்மா அதன் காதில் ஏதோ சொன்னாள். அது ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டது.

ஜன்னல். இரட்டைச் சடைக்காரி. வெகுநேரம்.

பிறகு முதுகு. கடல்.

மண்டபத்தில் சத்தமில்லை. பக்கிரிசாமி நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார், தியேட்டரில் பார்த்த மாதிரி.

“இதான் சார்,” என்றாள் வள்ளியம்மா. “நீங்க சொன்னது இதான்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சின்னது நேரே பக்கிரிசாமியிடம் போனது.

“தாத்தா, திருப்பிப் போடுங்க.”

“எத? ஜப்பான்காரன் போட்டதா, நம்மளதா?”

அது நிதானமாக யோசித்தது.

“நம்மளது.”

பஸ்ஸுக்கு நடக்கும்போது சீதா சொன்னாள்: “இன்னைக்கு முழுசாப் பாத்தேன். முட்டிகிட்ட அந்த ஆளு கால் நல்லா தெரியுது. இதுக்கா அன்னைக்கு அப்படிப் பயந்தேன்?”

5.5.1991, ஞாயிறு

வள்ளியம்மா வேலை செய்யும் பிள்ளைகள் வார்டில் ஒரு தொலைக்காட்சி இருக்கிறதாம். படத்துக்கு ஒரு பிரதி கேட்டாள், நம் ஊர்ப் பெட்டியில் ஓடுகிற மாதிரி. வீடியோ கடைக்காரர் எடுத்துத் தந்தார். வரிசையை மாற்றி எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், எடுத்தபடியே இருக்கட்டும் என்று வள்ளியம்மாவே சொல்லிவிட்டாள். “பிள்ளைங்களே திருப்பிக்கட்டும் சார்.” ஊசி போடும் நாட்களில் இப்போது அவள் மகளும் அங்கே வந்து உட்கார்கிறாளாம், மற்ற பிள்ளைகளுக்குத் திருப்பிப் போடுவது அவள் பொறுப்பாம்.

டேப்பின் மேல் ஒட்ட ஒரு சீட்டுக் கேட்டார்கள். கரும்பலகை எழுத்தில் எழுதினேன்:

முதலில் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பாருங்கள். பிறகு ஒரு முறை, பள்ளிக்கூடத்தைப் பாலத்துக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள்.