அண்ணன் வாங்கிய விறகு

மார்ச் 4
நகர மரங்களைச் சோதிக்கும் சுற்றில் இன்று பூங்கா. வேலியோரம் சில மரங்களின் அடியில் மரத்தூள். பட்டையில் பென்சில் நுழையும் அளவுக்கு வட்ட ஓட்டைகள். போன வருடம் துறைமுகப் பக்கத்து மரங்களைக் காலிசெய்த அதே வெளிநாட்டு வண்டு. அவ்வளவு தூரம் தானாகப் பறந்து வராது. யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும்.

மார்ச் 5
மேலதிகாரி: "எங்கேருந்து வந்துச்சுன்னு பாருங்க. இல்லேன்னா மரத்த வெட்டிக்கிட்டேதான் இருக்கணும்."

மார்ச் 7
கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

பூங்காவை ஒட்டித்தான் அண்ணனின் பேக்கரி. டீ குடிக்கப் போனேன். கடைக்குப் பின்னால் அடுப்புக்கு அடுக்கியிருந்த விறகில் அதே ஓட்டைகள். ஒரு கட்டையைப் பிளந்தேன். உள்ளே விரல் பருமனில் வெள்ளைப் புழு, நெளிந்துகொண்டு.

"எங்க வாங்கினீங்க?"

"துறைமுகத்துப் பக்கம். சல்லிசா கெடச்சுது. வெறகுல என்னம்மா இருக்கு?"

அங்கிருந்து மரத்தை வெளியே எடுக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது. வேண்டுமென்று செய்கிற ஆளா அவர்?

மார்ச் 8
சொன்னால் வண்டு பரவாமலிருக்கச் சுற்றியுள்ளதை எல்லாம் வெட்டுவார்கள்; அவர் தெருவில் ஒரு மரம் மிஞ்சாது. ஊரே அவரைத்தான் கைகாட்டும். சொல்லாவிட்டால் வண்டு ஆற்றங்கரைக் காட்டுக்குள் போய்விடும். இந்த நகரத்துக்கு இருப்பது அந்த ஒரு காடுதான். என்னத்தப் பண்ணித் தொலைக்கிறது —

மார்ச் 9
முதலில் அவரிடமே போய்ச் சொன்னேன். மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கு டீ குடிக்க வந்தது வேவு பாக்கத்தானா?"

"இல்லண்ணா."

"கடைசில என் தலையிலயே கைய வெக்கிற."

அண்ணிதான் வாசல்வரை வந்தார். "நீ போய் உன் வேலையப் பாரு. அவர் மனசு ஆற நாளாகும்."

அறிக்கை கொடுத்துவிட்டேன்.

மார்ச் 16
வெட்டினார்கள். பூங்கா ஓரம், பேக்கரித் தெரு, எல்லாம். விறகையும் சேர்த்து இயந்திரத்தில் போட்டுத் தூளாக்கினார்கள். தெரு மொட்டை வெயிலில் கிடக்கிறது. எதிர்வீட்டுக்காரர் அண்ணனிடம், "உங்க ரொட்டிக்கு எங்க நெழல எரிச்சிட்டீங்களே" என்றார். அண்ணன் கடைக்குள் போய்விட்டார். என் பக்கம் திரும்பவும் இல்லை.

மார்ச் 17
அண்ணன் ஃபோன் எடுக்கவில்லை.

ஜூன் 28
வண்டுகள் வெளியே வரும் காலம். மரங்களில் மாட்டியிருந்த வண்டுப் பொறிகளைத் திறந்து பார்த்தோம். காலி. ஆற்றங்கரையிலும் எதுவும் இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். நான் இதைச் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். அவர்தான் பேசுவதில்லையே.

ஆகஸ்ட் 20
மரங்களைக் கண்காணிக்க விரும்பும் பொதுமக்களுக்குப் பூங்காவில் பயிற்சி. கடைசி வரிசையில், எதிர்வீட்டுக்காரருக்குப் பக்கத்தில், மாவு படிந்த சட்டையோடு அண்ணன். எப்படியோ பேசி முடித்தேன். கேள்வி உண்டா என்றதும் அவர் எழுந்தார்.

"வெறகு வாங்கறவன் மொதல்ல எதப் பாக்கணும்? கொஞ்சம் சத்தமா சொல்லு. நான் பாக்காமத்தான் இவ்வளவும்."

எதிர்வீட்டுக்காரர் அவர் தோளில் கை வைத்து உட்காரவைத்தார். எங்கிருந்து வந்த விறகு, பட்டையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் சத்தமாகவே சொன்னேன்.

எல்லோரும் கலைந்த பிறகும் அவர் போகவில்லை. பயிற்சிக்குக் கொண்டுவந்திருந்த ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"மேல் கிளைல ஓட்டை இருக்கான்னு யாரு பாக்கறது? வா, இருட்டறதுக்குள்ள முடிச்சிடலாம்."