டூட்டிங்கின் ஏழு வாக்குகள்

ஒக்டோபர் 12, ஞாயிறு

காலையில் தூறல். பூசை முடிந்து வர வெயில். குடையைப் பஸ்ஸில் விட்டாயிற்று. இந்த வருடத்தில் மூன்றாவது.

இன்று லண்டன் தமிழரின் மாதா திருவிழாக் குழுவுக்குத் தலைவர் தேர்தல். இரண்டு பேர் போட்டி. எட்மண்டன் பெனடிக்ற் மாஸ்டர் ஒருவர். மற்றவர் என் வீட்டுக்காரர் சீலன்.

தேர்தல் விதியை எழுதியதும் இவர்தான். போன வருடம் அமெரிக்கத் தேர்தலை எங்கள் கடை ரீவியில் பார்த்துப் பார்த்துப் பிடித்த பைத்தியம். அங்கே ஒமாஹாவில் இருக்கும் இவரின் தம்பி வேறு போனில் தூபம் போட்டார். அங்கே ஜனாதிபதியைச் சனங்கள் நேரே தெரிவு செய்வதில்லையாம். மாநிலத்துக்கு இத்தனை வாக்கு என்று கணக்கு. பெரிய மாநிலத்துக்குக் கூடுதல், சிறியதற்குக் குறைவு. உள்ளே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றாலும் அந்த மாநிலத்தின் வாக்கு முழுவதும் அவருக்கே. அதே மாதிரி எங்கள் மூன்று பகுதிக்கும், குடும்பத் தொகை பார்த்து: டூட்டிங் 7, எட்மண்டன் 5, சவுத்தால் 4. வெல்ல 9 வேண்டும். கூட்டத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆகவே எல்லோரும் கை உயர்த்தினார்கள்.

முடிவு (முதலாவது இவர், மற்றது மாஸ்டர்):
சவுத்தால் 20 – 6
எட்மண்டன் 11 – 14
டூட்டிங் 17 – 18

தலையை எண்ணினால் இவருக்கு 48, மாஸ்டருக்கு 38. விதிப்படி இவருக்கு 4, மாஸ்டருக்கு 12. மாஸ்டர் தலைவர்.

“எங்கடை டூட்டிங்கிலையோ?” என்றார் இவர். வாக்குப் போட்ட பிஸ்கட் தகரப்பேணிக்குள் கையை விட்டு, இன்னும் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பாவமாக இருந்தது.

இந்த டயரிக் கொப்பியை இவர் தொடமாட்டார். அதனால் எழுதுகிறேன். வாக்குச்சீட்டில் நான் புள்ளடி போட்டது மாஸ்டருக்கு.

ஒக்டோபர் 13, திங்கள்

வேலை. பள்ளிக்கூடச் சமையலறையில் இன்று பாஸ்தா. பிள்ளைகள் பாதியை எறிந்தார்கள்.

ஏன் அப்படிப் போட்டேன் என்று எனக்கே ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் ஓட்டல் வேலை, இங்கே வந்து கடை. முப்பது வருடம் இவருக்கு ஞாயிறு என்று ஒன்று இருக்கவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு கடையை விற்றோம். அன்றிலிருந்து பூசை முடிந்ததும் டூட்டிங் கொமன் புல்வெளியில் நடை. பிளாஸ்கில் தேத்தண்ணி, பேப்பரில் சுற்றிய ரோல்ஸ். மர வாங்கில் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிற நாய்களுக்கெல்லாம் எங்கள் சொந்தக்காரரின் பெயர் வைப்பார். ஒரு கொழுத்த வெள்ளை நாய்க்கு என் பெரிய மாமியின் பெயர். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நோகும்.

தலைவரானால் ஞாயிறு முழுக்கக் கூட்டம். எனக்கு இந்த மனிதர் இப்போதுதான் கிடைத்திருக்கிறார்.

வாங்க: கருவேப்பிலை, ரவை, இவரின் பிரஷர் குளிசை, குடை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

காற்று. பின்வளவு வேலி ஆடுகிறது.

இவர் காலையிலேயே பட்டியல் போட்டுவிட்டார். டூட்டிங்கில் முப்பத்தைந்து பேர். “பதினெட்டுப் பேர் எனக்கெண்டு நிச்சயம். பதினேழுதான் விழுந்திருக்கு. ஒராள் கவிட்டுப்போட்டுது.” பதினெட்டில் முதல் பெயர் ரெஜினா. என் பெயருக்குப் பக்கத்தில் சரி அடையாளம், இரண்டு தரம் அழுத்திக் கீறியது. தேங்காய் துருவப் போனேன்.

பின்னேரம் பார்த்தேன். சேவியர் அண்ணையின் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. மாஸ்டர் வாக்குக் கேட்டு வந்த அன்று, அண்ணை அவரைத் தன் வாகனத்தில் ஏற்றி ஸ்டேஷனில் விட்டாராம். அதுதான் குற்றம்.

ஜெர்மனியில் அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள் இவரும் சேவியர் அண்ணையும். எங்கள் கல்யாணத்துக்கு அண்ணைதான் மாப்பிள்ளைத் தோழன்.

ஒக்டோபர் 15, புதன்

பொயிலர் வேலை செய்யவில்லை. குளிர்தண்ணீரில் குளிப்பு. திருத்த வரவிருந்தது சேவியர் அண்ணை. இவர் வேண்டாம் என்று மெசேஜ் அனுப்பிவிட்டார்.

மத்தியானம் அவர் எனக்குப் போன். “ரெஜி, சீலன் ஏன் என்ரை போனை எடுக்கிறானில்லை? நான் என்ன செய்தனான்?” தெரியாது அண்ணை என்றேன். எனக்குத் தெரியாதாம்!

ஒமாஹாத் தம்பியும் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் கேட்டது. தம்பி இருக்கும் நெப்ராஸ்காவிலும் மேய்னிலும் மட்டும் வேறு முறையாம். மாநிலம் முழுவதையும் வென்றவருக்கு இரண்டு வாக்கு. மிச்சம் தொகுதிக்கு ஒன்றாக, அங்கங்கே வென்றவருக்கு.

“எங்கடை மாதிரிப் பிரிச்சிருந்தா உங்களுக்கும் கொஞ்சம் வந்திருக்கும் அண்ணை.”

“இப்ப சொல்லு. விதி எழுதேக்கை எங்கை போனனி?”

ஒக்டோபர் 17, வெள்ளி

நேற்று எழுத மனமில்லை.

இன்று அப்பர் டூட்டிங் ரோட்டில் மரக்கறிக் கடை. சேவியர் அண்ணை மீன் பையோடு உள்ளே வந்தார். “சீலன்” என்றார். இவர் முகத்தைத் திருப்பி வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அண்ணை கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

வீடு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

“இஞ்சாருங்கோ, அது சேவியர் அண்ணை இல்லை. நான்தான்.”

“என்ன நீர்தான்?”

“மாஸ்டருக்குப் போட்டது.”

வெங்காயப் பையை மேசையில் வைத்தார். “ஏன்?”

“ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேணும்.”

இவர் கேத்திலைப் போட்டார்; அது கொதித்து நின்றது. இரண்டு பேரும் தேத்தண்ணி ஊற்றவில்லை.

“முதலே சொல்லியிருந்தா நான் நிண்டிருக்க மாட்டன்.”

“கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்.”

இவர் வெங்காயப் பையின் முடிச்சை அவிழ்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “நானும் மாஸ்டருக்குத்தான் போட்டனான்” என்றார். தன் பெயருக்குத் தானே புள்ளடி போடுவது வடிவில்லை என்று நினைத்தாராம். தன் வாக்கு இல்லாமலே பதினெட்டு வரும் என்பதுதான் இவர் கணக்கு.

மாஸ்டரின் பதினெட்டில் இரண்டு எங்கள் வீட்டு வாக்கு. எங்களில் ஒருவர் மாறிப் போட்டிருந்தாலும் டூட்டிங்கின் ஏழும் இவருக்கு. நான்தான் முதலில் சிரித்தேன். இவருக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பிறகு போனை எடுத்தார். “டேய் சேவியர், பொயிலர் பழுது. வாறியே?”

அதுதான் இவர் மன்னிப்புக் கேட்கும் விதம். அண்ணைக்கும் அது தெரியும். அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டார், மீன் பையோடு. நடந்ததை நானே சொன்னேன். “ரெண்டு பேருக்கும் விசர்” என்று தலையில் அடித்துக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். சுடுதண்ணீர் வருகிறது.

ஒக்டோபர் 19, ஞாயிறு

நல்ல வெயில், கைதான் விறைக்கிறது. கொமனில் இலை முழுக்க நிலத்தில். பெரிய மாமி இன்று சிவப்புக் கழுத்துப்பட்டி போட்டு வந்தா.

வாங்கில் இருக்கும்போது மாஸ்டரின் போன். இவரைச் செயலாளராக வரச் சொல்கிறார். எனக்கே கேட்டது. “ஞாயிறு மட்டும்தான் சீலன், வேறை நாள் இல்லை.”

“பொறுங்கோ மாஸ்டர், வீட்டிலை வாக்கெடுக்க வேணும்.” போனை நெஞ்சில் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

இவர் ஒரு ரோல்ஸ் எடுத்துக் கடித்தார். பிறகு போனைக் காதில் வைத்தார்.

“ஏலாது மாஸ்டர். ரெண்டுக்குப் பூச்சியம்.”